பள்ளியில் போதைத் தடுப்புப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? முதல் ஆண்டை நடத்த ஒரு வழிகாட்டி

ஆசிரியர் கூட்டத்தில் யாராவது ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள். "பிள்ளைகள் குடி, கஞ்சா, மாத்திரை என்று போகாமல் ஏதாவது செய்யுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கே தொடங்குவது, யாரிடம் என்ன கையெழுத்து வாங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பொறுப்பை ஏற்று, படிவம் படிவமாக அலைந்து, கூட்டம் கூட்டமாக வாதாடிய பிறகு இதை எழுதுகிறேன். அடுத்து வருபவர் இவ்வளவு திண்டாட வேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்று. பேரணி, உறுதிமொழி, ஒரு சிறப்புப் பேச்சாளர் என்று ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. அப்படி ஒரு நாள் நடத்துவது எளிது, எல்லோருக்கும் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் பிள்ளைகளின் பழக்கத்தில் அதனால் மாற்றம் வருவதில்லை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஓர் ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்வியாண்டு தொடங்குவதற்கு நான்கைந்து மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

1. பொறுப்பையும் நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள்

வாய்மொழியாக ஏற்காதீர்கள். தலைமையாசிரியரிடம் ஒரு பக்க ஆணை கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பொறுப்பாளர் யார், அவர் இல்லாத நாளில் யார், இந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை ஒதுக்கப்படுகிறது. கடைசி வரிதான் முக்கியம். நேரம் எழுதப்படாத திட்டம் முதல் தேர்வு வரும்போதே நின்றுவிடும்.

குழு சின்னதாக இருக்கட்டும். உடல்நலப் பொறுப்பில் இருப்பவர் ஒருவர், மனநல ஆலோசகர் இருந்தால் அவர், பிள்ளைகள் நம்பிப் பேசும் ஆசிரியர் ஒருவர், பெற்றோர் தரப்பில் ஒருவர் போதும். நம்பிப் பேசும் ஆசிரியர் யார் என்பதை மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகம் சொல்லும் பெயரும் அவர்கள் சொல்லும் பெயரும் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும்.

2. சட்டத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அதனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரி விதிகளை அப்படியே எடுத்துவிடாதீர்கள். மது, புகையிலை, மின்சிகரெட் ஒவ்வொன்றையும் எந்த வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது? மாணவரிடம் போதைப்பொருள் கிடைத்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமா? பையைச் சோதிக்கப் பள்ளிக்கு அதிகாரம் உண்டா, யார் முன்னிலையில்? பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு சிறுவருக்கு ஆலோசனை கொடுக்கலாமா, எந்த வயதிலிருந்து? இந்த நான்கையும் கல்வித் துறையிடம் கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், ஆகவே இதை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். மற்ற வேலைகளை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

3. நிலவரம் என்ன என்று பெயரில்லாமல் கேளுங்கள்

எந்த வகுப்பில், எந்தப் பொருள், எந்த வயதில் தொடங்குகிறது என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. கேள்வித்தாளை நீங்களே தயாரிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 13 முதல் 17 வயது மாணவர்களுக்காகப் பள்ளிகள் வழியாக நடத்தும் உடல்நலக் கணக்கெடுப்பில் மது, புகையிலை, போதைப்பொருள் மூன்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. அந்தக் கேள்விகளை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே அதிகம் இழுப்பது பெற்றோர் ஒப்புதல். இரண்டு முறை இருக்கிறது. சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்திட்டால் மட்டுமே பிள்ளையைச் சேர்ப்பது ஒன்று. மறுப்பவர்கள் மட்டும் எழுதித் தந்தால் போதும் என்பது மற்றொன்று. முதல் முறையில் படிவங்கள் பாதிகூடத் திரும்பி வராமல் போகலாம். அப்படி வராமல் போவது பெரும்பாலும் நாம் கவனிக்க வேண்டிய வீடுகளிலிருந்துதான். உங்கள் சட்டம் அனுமதித்தால் இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுங்கள், பதிலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். கடிதத்தில் "பெயர், வரிசை எண் எதுவும் கேட்கப்படாது, தனிப்பட்ட பதிலை எந்த ஆசிரியரும் பார்க்க மாட்டார்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். கேள்வித்தாள் நிரப்பும்போது ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடக்கக் கூடாது. முடித்த தாளை மாணவரே உறையில் போட்டு ஒட்டட்டும். கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்க, எழுதும் பதில்கள் இல்லாமல் குறியிடும் கேள்விகளாகவே வையுங்கள். ஒரு வகுப்பில் நாலைந்து பேர்தான் ஒரு பதிலைக் குறித்திருக்கிறார்கள் என்றால் அதை வகுப்புவாரியாக வெளியிடாதீர்கள், யாரென்று ஊகித்துவிடுவார்கள்.

வீம்புக்குப் பதில் எழுதுபவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐரோப்பியப் பள்ளி மாணவர்களிடையே 1995 முதல் நடக்கும் ஈஸ்பாட் கணக்கெடுப்பில் "ரெலெவின்" என்ற, உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தியதாகச் சொல்பவரின் மற்றப் பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். நீங்களும் ஒரு பெயரை உருவாக்கிச் சேர்க்கலாம்.

கணக்கெடுப்பு, தொகுப்பு எல்லாம் சேர்த்து ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பள்ளி விதியை எழுதுங்கள், பிரச்சினை வருவதற்கு முன்பே

இந்தப் படியைத்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள். முதல் மாணவர் பிடிபட்ட அன்று விதி எழுத உட்கார்ந்தால், அது அந்த ஒரு மாணவர்மேல் உள்ள கோபத்தில் எழுதிய விதியாகத்தான் இருக்கும்.

மூன்று நான்கு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். எந்தப் பொருட்கள் (மின்சிகரெட், இருமல் மருந்து, பசை, கரைப்பான், மருத்துவர் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாம் பெயர் சொல்லி இருக்கட்டும்), எந்த இடங்கள் (சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, பள்ளி வாகனம் உட்பட), யாருக்கெல்லாம் பொருந்தும் என்று தெளிவாக எழுதுங்கள். "யாருக்கெல்லாம்" என்பதில் ஆசிரியர்களும் பணியாளர்களும் உண்டு. ஆசிரியர் வளாகத்துக்குள் புகைத்துக்கொண்டு மாணவருக்கு மட்டும் தடை போட்டால் அந்த விதிக்கு மதிப்பில்லை.

தண்டனைப் பகுதியில்தான் வாக்குவாதம் வரும். "ஒரு முறை பிடிபட்டால் பள்ளியைவிட்டே நீக்கம்" என்று எழுதச் சொல்லி அழுத்தம் வரும். தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளியோடு உள்ள பிணைப்புதான் ஒரு பிள்ளையைப் போதையிலிருந்து காக்கும் வலுவான காரணிகளில் ஒன்று. அதை அறுத்துவிட்டு, பகல் முழுவதும் மேற்பார்வை இல்லாமல் வெளியே விட்டால் ஆபத்து கூடத்தான் செய்யும். பயன்படுத்திய மாணவரையும் விற்கும் மாணவரையும் விதியில் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். முதல் முறை பயன்படுத்தியவருக்குப் பெற்றோர் சந்திப்பு, ஆலோசகரிடம் கட்டாய அமர்வுகள், பள்ளி முடிந்த பிறகு மேற்பார்வையில் இருத்தல் என்று வைக்கலாம். பள்ளிக்கு வருவது மட்டும் நிற்கக் கூடாது.

இன்னொரு வரியும் சேருங்கள்: தானாக முன்வந்து உதவி கேட்கும் மாணவர்மேல் நடவடிக்கை இல்லை. நண்பன் மயங்கிக் கிடக்கிறான் என்று ஓடிவந்து சொல்பவருக்கும் அதே பாதுகாப்பு. இந்த வரி இல்லாவிட்டால் பயத்தில் யாரும் சொல்ல வர மாட்டார்கள், உயிர் போகிற நேரத்திலும்.

சிலர் திடீர்ச் சிறுநீர்ச் சோதனை நடத்தலாம் என்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் பள்ளிகளில் அப்படிப்பட்ட சோதனையை ஆதரிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. செலவு அதிகம், தவறான முடிவுகள் வரும், சோதனையில் எளிதில் தெரியாத பொருளுக்குப் பிள்ளைகள் மாறவும் கூடும். அந்தப் பணத்தை ஆலோசகருக்குக் கொடுங்கள்.

விதி தயாரானதும் பெற்றோர் கூட்டத்தில் வாசித்து, கருத்து வாங்கி, நிர்வாகக் குழுவின் கையெழுத்துடன் வெளியிடுங்கள். இதற்கு இரண்டு மாதம் ஆகலாம்.

5. பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட போதைத் தடுப்புக்கான சர்வதேசத் தரநிலைகளின் இரண்டாம் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எது பலன் தரும், எது தராது என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிப் பகுதியை மட்டுமாவது குழுவில் உட்கார்ந்து படியுங்கள்.

பலன் தராதவற்றை முதலில் பார்ப்போம், ஏனென்றால் உங்களிடம் முதலில் கொண்டுவரப்படுபவை இவைதான். அழுகிய நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவது. போதைப்பொருளின் பெயர், விளைவு என்று தகவலை மட்டும் அடுக்குவது. மீண்டு வந்த ஒருவரை மேடையேற்றித் தன் கதையைச் சொல்ல வைப்பது. காவல் அதிகாரி வந்து உரை நிகழ்த்துவது. மீண்டவரின் கதை கேட்பவரை உருக்கும் என்பது உண்மை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது, "இவ்வளவு ஆடியும் இவர் நன்றாகத்தானே இருக்கிறார்" என்பதாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1983இல் தொடங்கி, காவலர்கள் வகுப்பெடுத்த 'டேர்' திட்டத்தின் பழைய வடிவம் எத்தனையோ பள்ளிகளில் நடந்தும், பழக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை.

பலன் தருபவை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். வாரம் ஒரு வகுப்பு, மொத்தம் பத்து முதல் பதினைந்து அமர்வுகள், அடுத்தடுத்த ஆண்டுகளில் நினைவூட்டும் அமர்வுகள். பேச்சைவிடப் பயிற்சி அதிகம்: நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, கோபத்தையும் பதற்றத்தையும் எப்படிக் கையாள்வது, முடிவெடுப்பது எப்படி என்று நடித்துப் பார்ப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கில்பர்ட் போட்வின் உருவாக்கிய வாழ்க்கைத் திறன் பயிற்சி முதல் ஆண்டு 15, அடுத்த ஆண்டு 10, மூன்றாம் ஆண்டு 5 வகுப்புகள் கொண்டது. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் சோதிக்கப்பட்ட 'அன்பிளக்ட்' என்ற பள்ளித் திட்டம் 12 முதல் 14 வயதுக்கானது, 12 பாடங்கள். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் போதை பற்றிப் பேசவே வேண்டாம். வகுப்பை அணிகளாகப் பிரித்து நல்ல நடத்தைக்குப் பாராட்டும் பரிசும் தரும் ஒரு வகுப்பறை விளையாட்டை முதல், இரண்டாம் வகுப்புகளில் நடத்தியதில், அந்தப் பிள்ளைகள் இளைஞர்களான பிறகு, குறிப்பாக முரட்டுச் சுபாவமுள்ள பையன்களிடம், போதைச் சிக்கல் குறைந்திருந்தது.

எந்த வகுப்பில் தொடங்குவது? உங்கள் கணக்கெடுப்பில் முதல் பழக்கம் தெரியும் வயதுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ முன்பு. பல இடங்களில் அது 11, 12 வயதாக இருக்கும். அமெரிக்க ஆய்வு ஒன்றில் 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பின்னாளில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதே பெரிய வெற்றி.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, திட்டத்தை உங்கள் வசதிக்கு வெட்டுவது. பிரேசிலில் அன்பிளக்டின் உள்ளூர் வடிவத்தை நடத்திப் பார்த்தபோது, அந்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக மதுவைத் தொட ஆரம்பித்திருந்தார்கள். நல்ல திட்டமும் மாற்றியமைக்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பலாம். பெயர்கள், சூழ்நிலைகள், எடுத்துக்காட்டுகளை உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றுங்கள். பாட எண்ணிக்கையையும் முறையையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, "இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்" என்று காலைக் கூட்டத்தில் பேசுவது. வளரிளம் பருவத்தினர் தம் வயதினர் குடிப்பதை உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள். அந்த எண்ணமே அவர்களைத் தள்ளும். உங்கள் கணக்கெடுப்பில் பெரும்பாலானோர் குடிப்பதில்லை என்று வந்தால் அந்த எண்ணைப் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். ஆச்சரியப்படுவார்கள்.

6. வகுப்பெடுப்பவரைத் தயார் செய்யுங்கள்

வெளியாள் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரே நன்றாகச் செய்வார். இரண்டு மூன்று நாள் பயிற்சி, நடுவில் ஒரு மறுகூட்டம் என்று வையுங்கள். பாடம் நடத்திப் பழகியவருக்கு இது சிரமம், ஏனென்றால் இங்கே அவர் குறைவாகப் பேச வேண்டும். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு காட்சியை நடிக்கும்போது குறுக்கே புகுந்து அறிவுரை சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம்.

7. பெற்றோரை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அழையுங்கள்

"போதை கெட்டது" என்று சொல்லப் பெற்றோரைக் கூட்ட வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் செய்யச் சொல்ல வேண்டியவை சில: பிள்ளை எங்கே, யாருடன், எப்போது திரும்பும் என்று தினமும் தெரிந்து வைத்திருப்பது, வீட்டில் மதுவும் மாத்திரைகளும் பூட்டியிருப்பது, விசேஷத்தில் "ஒரு வாய்தானே" என்று தாங்களே கொடுக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு வரும். வீட்டிலேயே கொடுத்துப் பழக்கினால் வெளியே அளவோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பெற்றோர் கொடுத்துத் தொடங்கும் பிள்ளைகள் பிறகு அதிகம் குடிப்பதாகவே நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஐஸ்லாந்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து உடன்படிக்கை போட்டுக்கொண்டார்கள், இரவில் வெளியே இருக்கும் நேரம் உட்பட. கூடவே விளையாட்டுக்கும் கலைக்கும் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையில் இருந்தவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். அவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு பள்ளி தனியாகக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு வகுப்பின் பெற்றோர் ஒரே நேரக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கொண்டால் "மற்ற வீட்டில் எல்லாம் விடுகிறார்கள்" என்ற வாதம் நின்றுவிடும். கூட்டத்தை மாலையில், வேலை முடிந்து வருபவர்களுக்கு ஏற்ற நேரத்தில் வையுங்கள்.

8. தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிந்து அனுப்புங்கள்

வருகை குறைவது, மதிப்பெண் சரிவது, நண்பர் கூட்டம் திடீரென்று மாறுவது எல்லாம் அறிகுறிகள். ஆனால் இவை மனச்சோர்வுக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் உரியவைகூட. அதனால் குற்றம் சாட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஆலோசகரோ செவிலியரோ 'கிராஃப்ட்' என்ற வினாப்பட்டியலைப் பயன்படுத்தலாம். 12 முதல் 21 வயதினருக்கானது, சில நிமிடங்களே பிடிக்கும். ஆறு கேள்விகளில் இரண்டு அல்லது அதற்குமேல் "ஆம்" வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை இல்லை.

பரிந்துரைப் படிவத்தை முன்பே அச்சிட்டு வையுங்கள்: எங்கே அனுப்புகிறோம், அங்கே யாரைப் பார்க்க வேண்டும், காத்திருப்பு எத்தனை நாள், எந்தத் தகவலை யாருக்குச் சொல்ல மாணவர் சம்மதித்திருக்கிறார். வளரிளம் பருவத்தினரை ஏற்கும் சிகிச்சை மையம் எது என்று நேரில் போய்ப் பாருங்கள். பெரியவர்களுக்கான மையத்தில் பதினைந்து வயதுப் பிள்ளையைச் சேர்ப்பது நல்லதில்லை.

பொறி: "பிரச்சினையுள்ள" பிள்ளைகளை எல்லாம் ஒரே அறையில் கூட்டிப் பேசுவது. அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு நிலைமை மோசமாகலாம் என்று 1990களிலேயே ஆய்வுகள் எச்சரித்திருக்கின்றன. தனித்தனியாகப் பாருங்கள்.

9. பள்ளியிலேயே ஒருவர் போதையில் இருந்தால்

இந்தப் பகுதியை ஒரு பக்கமாக அச்சிட்டு ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே அவசர ஊர்தி. மயங்கிய நிலையில் இருந்தாலும் மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகாது. தனியாக விடாதீர்கள். காபி கொடுப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது, "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடுவது எதுவும் வேண்டாம்.

பசை, பெட்ரோல், கரைப்பான் முகர்ந்த பிள்ளையைத் துரத்தவோ திடுக்கிட வைக்கவோ கூடாது. அந்த நேரத்தில் இதயம் அதிர்ச்சியைத் தாங்காமல் நின்றுபோன சம்பவங்கள் உண்டு. மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போங்கள். விசாரணை எல்லாம் மறுநாள்.

நடந்ததை அன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: நேரம், பார்த்தது, செய்தது, யாருக்குச் சொன்னோம். ஊகம் எழுத வேண்டாம். பதிவேடு பூட்டில் இருக்கட்டும்.

10. செலவும் காலமும்

பெரிய செலவு பணம் இல்லை, ஆசிரியரின் நேரம். பயிற்சி நாட்களில் அவர் வகுப்பை யார் பார்ப்பது என்பதற்கு மாற்று ஏற்பாடு வேண்டும். அடுத்து பயிற்சிக் கட்டணம், மாணவர் கையேடு, அச்சு, ஆலோசகர் வரும் நாட்களுக்கான தொகை. சில திட்டங்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு, சில இலவசம். வாங்கும் முன் "ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டுமா, புதிய ஆசிரியருக்குத் தனிப் பயிற்சியா" என்று எழுத்தில் கேளுங்கள். மது, புகையிலை நிறுவனங்களின் நன்கொடையை, அவர்கள் நடத்தும் "பொறுப்பான குடி" நிகழ்ச்சிகளையும் சேர்த்து, மறுத்துவிடுங்கள்.

காலக்கணக்கு இப்படி வைக்கலாம். கல்வியாண்டுக்கு முந்தைய மாதங்களில் ஆணை, சட்டக் கடிதம், கணக்கெடுப்பு, விதி. விடுமுறையில் ஆசிரியர் பயிற்சி. முதல் பருவத்தில் பெற்றோர் கூட்டமும் வகுப்புகளின் தொடக்கமும். இரண்டாம் பருவத்தில் மீதி வகுப்புகள். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் எதுவும் வைக்காதீர்கள், பறித்துக்கொள்வார்கள். ஓராண்டு முடிந்ததும் அதே கேள்வித்தாளை அதே முறையில் மறுபடி கொடுங்கள். பெரிய வீழ்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம், நல்ல திட்டங்களின் பலனும் மிதமானதுதான். தொடங்கும் வயது சற்றுத் தள்ளிப் போயிருக்கிறதா, உதவி கேட்டுத் தானாக வந்த பிள்ளைகள் கூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த அறிக்கையோடு அடுத்த ஆண்டுக்கான பாடவேளை ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் சேர்த்தே தலைமையாசிரியரிடம் கொடுங்கள், அட்டவணை போடுவதற்கு முன்பே.